கோவேறு கழுதைகள்: முதல் நாவல் எழுதிய இளைஞர் மேல் ஏன் அவ்வளவு கோபம்?

நடவுக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்துக்கொண்டோம். பேச்சு சண்டையில் முடிந்தது. இரண்டு பேர் டீ வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். மூன்று நாளாக மனசு ஆறாமல் இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1994இல் க்ரியா வெளியிட்ட நாவல். எழுதியவர் இன்றைய கடலூர் மாவட்டத்துக்காரர், பள்ளி ஆசிரியர், அப்போது முப்பது வயதை ஒட்டி இருந்திருப்பார். இதுதான் அவருடைய முதல் நாவல். பறத்தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் கதை. ஆரோக்கியம், அவள் புருஷன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. துணி வெளுப்பதோடு வேலை முடிவதில்லை. பிரசவம் பார்ப்பது, தீட்டுத்துணி எடுப்பது, சாவு வீட்டில் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. அதற்குக் கூலி ராத்திரியில் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், அறுவடைக் காலத்தில் களத்தில் கிடைக்கும் தானியமும்தான்.

ஊரால் ஒதுக்கப்பட்ட தெருவே இன்னொரு குடும்பத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. இதை நாவலாக எழுதியவரும் ஒரு தலித். சுந்தர ராமசாமி இந்த நாவலைப் படித்துவிட்டு நூறாண்டுத் தமிழ் எழுத்தில் இதற்கு இணையாக ஒன்று இல்லை என்று எழுதினார். அதே சமயம் தலித் விமர்சகர்கள் பலருக்குக் கடும் கோபம். நம்மை அடிப்பவன் கையில் நாமே கம்பை எடுத்துக் கொடுப்பதா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எழுந்து போன இருவரும் கேட்டது அதே கேள்வியைத்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலில் என்னை உலுக்கியது ஒடுக்குமுறை மட்டும் இல்லை. பழைய ஏற்பாடு உடைந்து போகும்போது ஆரோக்கியம் சந்தோஷப்படுவதில்லை, பயப்படுகிறாள். தையல் மிஷின் வருகிறது, சலவைக் கடை வருகிறது, பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நம்மைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று அவள் தவிக்கிறாள். கட்டு அறுகிறபோது ஒருத்தி அழுகிறாளே, இதைப் படித்துவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்குவது? எனக்கு இது பெரிய எழுத்து. உங்களுக்கு எப்படி?

பாலாற்று மணல்

தோழர், நீங்கள் பெரிய எழுத்து என்று சொல்லும் இடம்தான் எனக்குப் பிரச்சினையே. அடிமை முறை போகிறதே என்று அடிமையை அழ விட்டால், படிக்கிறவனுக்கு என்ன தோன்றும்? அந்தக் காலம் பரவாயில்லை போலிருக்கிறதே, ஒருவருக்கொருவர் ஆதரவாக இருந்தார்கள் போலிருக்கிறதே என்று தோன்றாதா? ஆரோக்கியம் தெருக்காரர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டுப் பேசும் இடங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஓரிடத்திலாவது அவள் நிமிர்ந்து நின்று கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

இன்னொன்று, மேல்சாதிக்காரர்கள் நாவலில் கிட்டத்தட்ட ஓரத்தில்தான் இருக்கிறார்கள். பறத்தெரு ஏன் இப்படி வறுமையில் கிடக்கிறது, அந்தத் தெருவில் இருப்பவனுக்குக் களத்தில் கொடுக்கக் கை ஏன் சுருங்குகிறது, நிலம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விக்குள் நாவல் போவதில்லை. சட்டகத்துக்குள் தெரிபவர்கள் இரண்டு ஏழைகள், ஒருவன் இன்னொருவனை மிதிக்கிறான். சட்டகத்துக்கு வெளியே நிற்பவன் கை கட்டி வேடிக்கை பார்க்கிறான். 30 வயது ஆசிரியர் ஒருவர் முதல் நாவலில் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பா? எனக்கு அப்படித் தெரியவில்லை.

வெள்ளாவி

இந்தக் குழுவில் ஆறு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்தச் சாதி. என் அம்மாவின் அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு காலனிக்குத் துணி எடுத்தவர். 'நிமிர்ந்து நின்று கேட்டிருக்கலாமே' என்று பாலாற்று மணல் எழுதியதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்து கேட்டால் அன்று ராத்திரி சோறு கிடையாது, அவ்வளவுதான். ஊரில் எங்கள் வீடு ஒரே வீடு. ஒரு காலனிக்கு ஒரு குடும்பம்தான் இருக்கும். துணைக்கு வர இன்னொரு வீடு கிடையாது. இருநூறு வீட்டுக்கு எதிராக ஒரு வீடு எப்படி நிமிர்வது? எங்களுக்கு எண்ணிக்கை இல்லை, அதனால் எந்தக் கட்சிக்கும் நாங்கள் தேவைப்படவில்லை.

1932ஆம் வருடம் டிசம்பரில் இந்து பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் புரத வண்ணார்கள் பகலில் வெளியே வரக் கூடாது, பார்த்தாலே தீட்டு, அதனால் ராத்திரியில் வேலை செய்கிறார்கள் என்று. அம்பேத்கரும் அதை எடுத்து எழுதியிருக்கிறார். அதாவது நாங்கள் கண்ணில் படவே கூடாதவர்கள். அதற்கு அறுபத்திரண்டு வருடம் கழித்து ஒருவர் எங்களை ஒரு முழு நாவலின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். அதுவரை தமிழில் எத்தனை நாவல் வந்தது, எத்தனை பேர் சாதியை எழுதினார்கள், எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தார்கள்?

குறை இருக்கலாம். ஆனால் எங்களைப் பார்த்ததே குற்றம் என்கிற மாதிரிப் பேசாதீர்கள்.

பாலாற்று மணல்

அக்கா, மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு 'நிமிர்ந்து' என்று நான் எழுதியதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், அப்புறம் எடுக்க வேண்டாம், பதிலோடு சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே வீடு என்பதை நான் யோசிக்கவில்லை, உண்மையாகவே யோசிக்கவில்லை.

ஆனால் நிலம் பற்றிய கேள்வியை நான் விடவில்லை.

கீழ வீதி

சாதி அரசியலுக்குள் நான் போகவில்லை, எனக்கு அதில் படிப்பு போதாது. ஒரு வாசகனாகச் சொல்கிறேன், முதல் ஐம்பது பக்கம் தாண்டவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. தஞ்சாவூர்க்காரன் நான். அந்த வடக்கத்திப் பேச்சு காதில் ஏறவே இல்லை. ஆரோக்கியத்தின் புலம்பல் ஆரம்பித்தால் நிற்காது, ஒப்பாரி மாதிரி சொன்னதையே சொல்லிக்கொண்டு போகும். பதிப்பாசிரியர் கொஞ்சம் வெட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. க்ரியாவில் எடிட்டிங் கறாராக இருக்கும் என்று சொல்வார்கள், அப்படியும் இவ்வளவு நீளமா?

செம்மண் தெரு

கீழ வீதி சார், ஒப்பாரி மாதிரி என்று சொன்னீர்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பாரியை யாராவது சுருக்கிப் பாடுவார்களா? சொன்னதையே சொல்லுவதுதான் அதன் நடை. எங்கள் பக்கம் ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதால் செத்தவருக்காக மட்டும் அழ மாட்டாள், கட்டிக்கொடுத்தது, மாமியார் வீட்டில் பட்டது, பிள்ளை போனது என்று ஒன்று விடாமல் இழுத்து வைத்து அழுவாள். நாவல் முழுக்க ஆரோக்கியம் செய்வது அதுதான். சத்தமாகப் படித்துப் பாருங்கள், மூச்சு விடும் இடம் எங்கே என்று தானாகத் தெரியும். நான் கல்லூரியில் படித்தபோது மௌனமாகப் படித்து மூடி வைத்துவிட்டேன், பிறகு பல வருடம் கழித்து என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகி அவருக்காக வாய்விட்டுப் படித்தபோதுதான் நாவல் எனக்குள் வந்தது.

நடவுக்காரன்

இது நல்ல யோசனை சார், அடுத்த கூட்டத்தில் செய்து பார்க்கிறோம்.

பாலாற்று மணல் தோழர் கேட்ட நிலம் பற்றிய கேள்வி நியாயமானது, எங்கள் கூட்டத்திலும் வந்தது. என் பதில் இதுதான், சரியா என்று தெரியவில்லை: நாவலின் கண் ஆரோக்கியத்தின் கண். அவள் நடக்கும் தூரம் வரைதான் நாவலும் நடக்கிறது. தொரப்பாட்டில் இருந்து தெரு, தெருவில் இருந்து களம், களத்தில் இருந்து மாதா கோயில். ஊர்த்தெருவில் அவளுக்கு வேலை இல்லை, ஆகவே அது அவள் பார்வைக்குள் வருவதும் இல்லை. ஆசிரியர் அங்கே போய் நின்று நமக்கு விளக்கியிருந்தால் அது கட்டுரை ஆகியிருக்கும்.

ஆலமரத்தடி

நடவுக்காரன், 'தொரப்பாடு' என்று போட்டிருக்கிறீர்களே, துணி வெளுக்கும் துறையைச் சொல்கிறீர்கள்தானே? எங்கள் பக்கம் வண்ணான் துறை என்றே சொல்வார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது வயது 27. சிற்றிதழ் வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த நாவல் வந்த நேரத்தைப் புரிந்துகொள்ளாமல் அன்றைய கோபத்தை எடை போடக் கூடாது என்பது என் கருத்து. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. தலித் என்ற சொல்லே தமிழில் அப்போதுதான் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. பறையர், பள்ளர், அருந்ததியர் எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவர முயற்சி நடந்துகொண்டிருந்தது. நிறப்பிரிகை போன்ற இதழ்களில் சூடாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, குடைக்குள்ளேயே ஒருவன் நனைந்துகொண்டிருக்கிறான் பாருங்கள் என்று காட்டினால், பிடித்துக்கொண்டிருப்பவனுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது. ஒப்புக்கொள்கிறேன். நண்பர்களிடம் இந்த நாவலைப் படிக்காதீர்கள் என்றே சொன்னேன். நானே அப்போது பாதிதான் படித்திருந்தேன்.

அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள், இந்த அடி இமையத்துக்கு மட்டும் விழவில்லை. 1989இல் சிவகாமியின் முதல் நாவல் 'பழையன கழிதலும்' வந்தபோதும் இதே பேச்சு. அதில் காத்தமுத்து என்று ஒரு தலித் தலைவர், தெருவுக்காக மேல்சாதிக்காரர்களிடம் வாதாடுவார், வீட்டுக்குள் இரண்டு மனைவிகளை ஆட்டிப் படைப்பார். நம் தலைவரை இப்படிக் காட்டலாமா என்று கேட்டார்கள். அந்த அம்மா பின்னால் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்று எழுதித் தன் நாவலைத் தானே விசாரணை செய்தார். யாரை எழுதினேன், யாரை விட்டேன், ஏன் என்று. அந்த நேர்மை எனக்கு இன்றும் பிரமிப்புதான். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அவருடைய ஊர்க்காரர்களுக்கே கோபம், மாதக்கணக்கில் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ஐந்தே வருடத்தில் மூன்று முதல் புத்தகங்கள், மூன்றுக்கும் வீட்டுக்குள் இருந்தே எதிர்ப்பு.

கார்த்திகைப்பூ

ஆலமரத்தடி ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது, அதை இந்த இழையில் இதுவரை யாரும் தொடவே இல்லை. மேரி.

துணி கொடுக்கப் போன இடத்தில் தெருக்காரன் சடையன் அவளைக் கெடுக்கிறான். அதன் பிறகு அவள் அம்மாவிடம்கூட வாய் திறந்து சொல்லி நியாயம் கேட்க வழி இல்லை. அந்தக் குடும்பத்தால் புகார் சொல்ல முடியாது என்பது அவனுக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் செய்கிறான். தலித் ஆணை இப்படிக் காட்டியது அநியாயம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சடையனின் பெயருக்காகக் கவலைப்பட்டார்கள். மேரிக்கு என்ன ஆனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த இழையிலேயே பாருங்களேன், எட்டுப் பதிவு போன பிறகுதான் அவள் பெயர் சரியாக வருகிறது.

எனக்கு நாவலிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. மேரிக்கு ஆசிரியர் இன்னும் அதிகம் இடம் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சம்பவத்தைப் பற்றிய வலியும் பெரும்பாலும் ஆரோக்கியத்தின் வாய் வழியாகவே நமக்கு வந்து சேருகிறது. மேரி தனியாக இருக்கும்போது என்ன நினைத்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. ஆசிரியருக்கு அது கைவரவில்லையா, அல்லது வேண்டாம் என்று விட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் நாவல், ஆண் எழுதியது, சரி. இருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு நாவல் குறைந்துதான் போகிறது.

வெள்ளாவி

கார்த்திகைப்பூ, மேரியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் பாட்டி எங்களைத் தனியாகத் துணி கொடுக்க அனுப்பவே மாட்டார். ஏன் என்று சின்ன வயதில் தெரியவில்லை.

வடபழனி வாசகி

நான் டெல்லியில் வளர்ந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்த ஆங்கிலப் பதிப்பைத்தான் முதலில் படித்தேன், 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்' என்று 2001இல் வந்தது. அதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம், தலைப்பு. கோவேறு கழுதை என்றால் கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்தது, அதற்குக் குட்டி போட வராது, சுமை மட்டும் நிறையத் தூக்கும். ஆங்கிலத் தலைப்பில் சுமை வந்துவிட்டது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது வரவில்லை. இந்துக்களா கிறிஸ்தவர்களா, தலித்தா அதற்கும் கீழா, எந்தப் பக்கமும் முழுதாகச் சேராத குடும்பம். எனக்குத் தலைப்பே பாதி நாவல் மாதிரித் தோன்றியது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

செம்மண் தெரு

நன்றாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் அம்மா. எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், பெயரெல்லாம் புனிதர்கள் பெயர், பீட்டரைச் சாமியாராக்க வேண்டும் என்று ஆரோக்கியத்துக்குக் கனவு வேறு. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் மறுபடி அதே துணி மூட்டை. நாவல் சபையைத் திட்டுவதில்லை, போதகர் மாதிரிப் பேசுவதும் இல்லை, அப்படியே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பாலாற்று மணல்

இரண்டு நாளாக நாவலை மறுபடி எடுத்துப் புரட்டினேன். நிலம் பற்றிய என் குறை அப்படியேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அறுவடைப் பகுதியை இந்தத் தடவை வேறு மாதிரி படித்தேன். களம் களமாக ஆரோக்கியமும் சவுரியும் போகிறார்கள். கொடுப்பவன் கை எவ்வளவு அள்ளுகிறது என்று அவள் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, வாய் மட்டும் வாழ்த்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கண்ணையும் வாயையும் நான் முதல் தடவை பிரித்துப் பார்க்கவில்லை. அவள் கும்பிடுவதை மட்டும் பார்த்தேன், கணக்குப் போடுவதைப் பார்க்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும், இமையம் தன்னைத் தலித் எழுத்தாளர் என்று அழைப்பதை ஏற்பதில்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இந்த நாவலுக்குக் கிடைத்த வரவேற்பின் காயம்தான் அதற்குக் காரணமா?

ஆலமரத்தடி

காயம் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். அவர் சொல்வது, எழுத்தாளன் எழுத்தாளன்தான், முன்னால் ஒட்டு வேண்டாம் என்பது. அதற்குக் காரணம் அவருக்குத்தான் தெரியும். அடி வாங்கியதால் அவர் திசை மாறவில்லை என்பதை மட்டும் பார்க்கலாம். 2006இல் 'செடல்' எழுதினார், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணின் கதை. மறுபடி யாரும் பார்க்காத ஓரத்தில் இருப்பவள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'செல்லாத பண'த்துக்குக் கிடைத்தது. முதல் நாவலுக்கு விழுந்த அடியிலேயே ஓய்ந்து போனவர்களை எனக்குத் தெரியும், நல்ல கை அவர்களுக்கும் இருந்தது. இவர் ஓயவில்லை.

கீழ வீதி

செம்மண் தெரு சார் சொன்னபடி நேற்று ராத்திரி பதினைந்து பக்கம் வாய்விட்டுப் படித்தேன். வீட்டில் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். வடக்கத்திப் பேச்சு இப்போது கொஞ்சம் காதில் ஏறுகிறது. நீளம் என்கிற என் குறையைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

நடவுக்காரன்

வெள்ளாவி அக்கா, ஒன்று கேட்கலாமா? சங்கடமாக இருந்தால் பதில் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது இந்த நாவலைப் படித்திருக்கிறார்களா?

வெள்ளாவி

அம்மா படிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நாங்கள் மூன்று வருடம் அலைந்தோம். பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது, 2009இல் எங்களுக்கென்று நல வாரியம்கூட அரசு அமைத்தது. ஆனால் கேட்கப் போனால் வண்ணார் என்று எழுதித் தருகிறேன், வாங்கிக்கொண்டு போ என்பார்கள். அது வேறு பட்டியல். நாங்கள் புதிரை வண்ணார் என்று நிரூபிக்க, நாங்கள் யாருக்குத் துணி வெளுத்தோமோ அந்தத் தெருவில் இருந்தே ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். அம்மா போய் நின்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுப்பதில்லை. நாவல் என்று நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இறப்பதற்கு முந்தின வருடம் ஒரு மத்தியானம் களத்துப் பகுதியை நான் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன். தூங்கவில்லை. அந்தப் பொம்பளைக்கு மொத்தம் எத்தனை மரக்கால் சேர்ந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, பக்கத்தைத் திருப்பித் தேடினேன். அதற்குள் அவரே, தூற்றுகிற அன்றைக்கே போயிருக்கணும், மறுநாள் போனால் சாவியும் பதரும்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.